பாட்டைக் கொடுத்த கடற்காகம்

பறவை பேசியது மனிதருக்கும் மனிதர் பேசியது பூனைக்கும் புரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், ஜப்பான் நாட்டுக் கரையோரம் ஒரு வளைகுடாவுக்குப் பெயரே இல்லை. பெயர் வைக்க அங்கே யார் இருந்தார்கள்? கடலை ஒட்டி ஒரு நீண்ட மணல்மேடு. அதன் பின்னால் நாணல் மண்டிய சதுப்பு. சதுப்பைத் தாண்டினால் மலை. மணல்மேட்டில் உப்புக் காய்ச்சும் ஏழெட்டுக் குடும்பங்கள் மட்டும் குடிசை போட்டிருந்தன.

அதில் ஒரு குடும்பத்துப் பெண் இசோ. பதினேழு வயது. கடல்நீரை வாளி வாளியாகத் தூக்கி அவள் தோள்கள் படகோட்டியின் தோள்கள்போல் இறுகியிருந்தன. உப்புக் காய்ச்ச விறகு வேண்டும். மணலில் விறகுக்கு எங்கே போவது? மலையில் இருந்தவர்களுக்கோ விறகும் கரியும் குவிந்து கிடந்தன, ஊறுகாய் போட ஒரு பிடி உப்பு இல்லை. ஆகவே இசோவின் வீட்டார் உப்பைச் சுமந்துகொண்டு மலைக்கு ஏறுவார்கள். அதே நாளில் மலைக்காரர்கள் கரியைச் சுமந்துகொண்டு கடலுக்கு இறங்குவார்கள். இவர்கள் ஒரு வழி, அவர்கள் ஒரு வழி. மேலே போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கீழே வந்தவர்களும் அப்படியே.

ஒருநாள் சதுப்பின் நடுவே யாஹெய் என்ற கரி சுடுபவனை இசோ நேருக்கு நேர் கண்டாள். முதுகில் மூன்று கூடை கரி, முழங்கால்வரை சேறு.

"அண்ணா, இப்படியே நீங்கள் இறங்குவதும் நாங்கள் ஏறுவதுமாக எத்தனை நாள்?" என்று அவள் கேட்டாள். "இன்றைக்கு மாதத்தின் ஆறாம் நாள். இனி ஒவ்வொரு ஆறாம் நாளும் நான் அந்த மணல்மேட்டில் ஒரு கோரைப்பாயை விரித்து உட்கார்ந்திருப்பேன். மழை பெய்தாலும் இருப்பேன். நீங்கள் வாருங்கள்."

"நான் வந்து நீ இல்லாவிட்டால்?"

"அந்தக் கோரைப்பாயையே எடுத்துக்கொண்டு போங்கள்."

யாஹெய் சிரித்துவிட்டான். அடுத்த மாதம் வந்தான், அதற்கடுத்த மாதம் நாலு பேரை அழைத்துக்கொண்டு வந்தான். மாதத்துக்கு ஒருநாள் போதாமல் போயிற்று. ஆறு, பதினாறு, இருபத்தாறு என்று மூன்று நாள் ஆயிற்று. நம் பக்கத்தில் திங்கள்சந்தை, செவ்வாய்ப்பேட்டை என்று கிழமையை வைத்து ஊருக்குப் பெயர் வந்ததுபோல், அந்தக் கரைக்கும் நாளை வைத்தே பெயர் வந்தது. முய்காஹாமா. ஆறாம் நாள் கரை என்று அர்த்தம்.

அந்தச் சந்தைக்கு ஒரு கட்டியக்காரி இருந்தாள். அவள் ஒரு கடற்காகம். வெண்ணிற மார்பு, சாம்பல் சிறகு, வாலில் ஒரு கருப்புப் பட்டை, மஞ்சள் அலகின் நுனியில் சிவப்புப் பொட்டு. பெயர் ஷிரா. அப்போதெல்லாம் கடற்காகங்கள் நன்றாகப் பாடும். மூங்கில் குழலை ஊதியதுபோல் நீளமாக இழுத்து, கடைசியில் மூன்று முறை நடுங்கி முடியும் பாட்டு அது. சந்தை நாளன்று விடிந்ததும் ஷிரா உயரப் பறப்பாள். மலைப்பாதையில் கூடைகள் இறங்குவது தெரியும், கடலில் படகுகள் வருவதும் தெரியும். இரண்டையும் கண்டவுடன் பாடுவாள். அதைக் கேட்டு இசோ கோரைப்பாயை உதறி விரிப்பாள். பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட அந்தக் கடைசி நடுக்கம் முடியும்வரை வாயை மூடிக்கொள்வார்கள். ஷிராவுக்கு அதில் மிகுந்த பெருமை.

சந்தை என்றால் சண்டையும் உண்டு. ஒருவன் தன் இரும்புக் கெண்டியைக் கொடுத்து ஒரு கூடை சீமைப்பனிச்சைப் பழம் வாங்கினான். எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டு, பழம் துவர்க்கிறது, கெண்டியைத் திருப்பிக் கொடு என்று வந்து நின்றான். அன்று இசோ எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கோரைப்பாயில் வைத்துக் கைமாறினால் மாறியதுதான். யார் வந்து கேட்டாலும் திரும்பக் கிடையாது. நானே கேட்டாலும் கிடையாது." அதுவே முய்காஹாமாவின் முதல் சட்டம். அந்தச் சட்டத்தை நம்பித்தான் தூரத்து ஆட்களும் சரக்கோடு வரத் தொடங்கினார்கள்.

இருபது வருடத்தில் அந்த இடம் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. மலையிலிருந்து கரி, மரம், தேயிலை, காகிதம். கடல் வழியாக மேற்கேயிருந்து அரிசி, பருத்தி, விளக்கெண்ணெய். சதுப்பில் மண் கொட்டித் தெருக்கள் போட்டார்கள். கயிறு திரிப்பவர்களுக்கு ஒரு தெரு, அரிசிக் கிடங்குகளுக்கு ஒரு தெரு, மாலுமிகள் தங்கும் விடுதிகளுக்கு ஒரு தெரு. கடலுக்குள் கல் அடுக்கிப் படகுத்துறை கட்டினார்கள். சந்தை நாளில் முந்நூறு கோரைப்பாய்கள் விரியும். இசோவுக்கு இப்போது முப்பத்தேழு வயது. யாரும் அவளைத் தலைவி என்று பட்டம் கட்டி உட்கார வைக்கவில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் எல்லோரும் அவளிடம்தான் போனார்கள்.

இவர்களுக்கு நடுவில் பூனைகளும் பெருகியிருந்தன. அரிசிக் கிடங்கில் எலி, மீன் வெட்டும் இடத்தில் குடல். பூனைக்கு வேறு என்ன வேண்டும்? அவற்றில் மிக்கே என்ற மூன்று நிறப் பூனை பெரிய வாயாடி. அந்தக் காலத்துப் பூனைக்கு இப்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்கு குரல். மிக்கே படகுத்துறையில் நின்று கத்தினால் மலையடிவாரத்தில் கேட்கும். மீன் குடலுக்காக அவளுக்கும் ஷிராவுக்கும் தினமும் தகராறு.

"பாடகியம்மா, பாடிவிட்டுப் போக வேண்டியதுதானே! இங்கே என் சாப்பாட்டில் என்ன வேலை?" என்பாள் மிக்கே.

"உன் சத்தத்தில் மீனே செத்துப்போகிறது. நான் என்ன செய்வது, செத்ததைத் தின்கிறேன்," என்பாள் ஷிரா.

இப்படி இருக்கும்போது, ஒரு வசந்த காலத்துக் காலையில், பூமி குலுங்கியது.

கிடங்குகள் மடங்கி விழுந்தன. கடல் பின்வாங்கியது, பிறகு எழுந்து வந்து கயிற்றுத் தெரு முழுவதையும் வாரிக்கொண்டு போயிற்று. மலைமேல் ஏறியவர்கள் பிழைத்தார்கள். எல்லோராலும் ஏற முடியவில்லை. அன்று போனவர்களில் இசோவின் தங்கையும் ஒருத்தி. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது, கடலின் அடித்தரையே ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. நேற்றுவரை கப்பல் மிதந்த இடத்தில் நாரைகள் நடந்துகொண்டிருந்தன.

ஊருக்கு உயிர் கொடுத்தவை கப்பல்கள். கப்பல் வர வழியில்லை. வர முயன்ற இரண்டு மணலில் தட்டி நின்றன. மற்ற மாலுமிகள் இரண்டு நாள் பயணத் தொலைவில் தெற்கே இருந்த வேறு துறைக்குப் போய்விட்டார்கள். வயல்களில் உப்புநீர் புகுந்ததால் அந்த வருடம் நெல் கிடையாது. கோடை முழுவதும் ஒவ்வொரு வீடாக வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஆடி மாதக் கடைசிச் சந்தையில் விரிந்த கோரைப்பாய்கள் பதினொன்று.

அன்று சந்தை முடிந்ததும் இசோ ஷிராவைக் கூப்பிட்டாள். "மேலே போய்ப் பார். தண்ணீரின் நிறம் எங்கே கருநீலமாக இருக்கிறதென்று சொல்."

ஷிரா பறந்து பார்த்துவிட்டு வந்தாள். "இருக்கிறது. மணல்திட்டுகளுக்கு நடுவே ஓர் ஓடை மாதிரி ஆழம் போகிறது. ஆனால் நேராக இல்லை. மூன்று இடத்தில் திரும்புகிறது. இரண்டு இடத்தில் குறுகி மண் மூடியிருக்கிறது."

"மூடியிருந்தால் தோண்டிக்கொள்ளலாம்," என்றாள் இசோ.

மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் கடல் வற்றும் நேரத்தில் இடுப்புத் தண்ணீரில் இறங்கினார்கள். கூடையில் அள்ளிய மணல் மறுநாள் பாதி திரும்பி வந்திருக்கும். மறுபடியும் அள்ளினார்கள். பத்தாம் நாள் காலை மலைப்பாதையில் ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள். முன்னால் யாஹெய். ஆளுக்கொரு முனையாகப் பெரிய தேவதாரு மரங்களைச் சுமந்திருந்தார்கள்.

"அண்ணா, இன்றைக்கு ஆறாம் நாள் இல்லையே!" என்றாள் இசோ.

"எங்களுக்கு உப்பு வேண்டாமா? கப்பல் வராவிட்டால் எங்கள் கரியை யார் வாங்குவார்கள்?" என்றான் யாஹெய். "மணல் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் மரம் அடிக்க வேண்டும். நீங்கள் தோண்டுங்கள். நாங்கள் அடிக்கிறோம்."

இலையுதிர் காலம் பிறந்தபோது கால்வாய் தயார். மூன்று திருப்பம் கொண்ட, ஒரு கப்பல் மட்டுமே போகக்கூடிய வழி. இசோ இரண்டு நாள் நடந்து தெற்குத் துறைக்குப் போனாள். அங்கே கன்சோ என்ற கப்பல் தலைவரைப் பார்த்தாள். ஏழு அரிசிக் கப்பல்களுக்குத் தலைவர். முய்காஹாமாவில் பல வருடம் சரக்கு இறக்கியவர்.

"கால்வாய் வெட்டிவிட்டோம், தலைவரே. வாருங்கள்."

கன்சோ வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "உன் பேச்சை நான் என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை, இசோ. பத்தாம் மாதம் ஆறாம் நாள் காலை ஏழு கப்பலோடும் வருகிறேன். ஆனால் ஒன்று. முதல் கப்பல் மணலில் தட்டினால், அதோடு சரி. பிறகு என் பேரனைக்கூட அந்தப் பக்கம் வரவிட மாட்டேன். மற்றவர்களும் என்னைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்."

"தட்டாது," என்றாள் இசோ.

பத்தாம் மாதம் ஆறாம் நாள் விடிந்தது. ஊரே படகுத்துறையில் நின்றது. எதிரே ஒன்றும் இல்லை. கடல் இல்லை, வானம் இல்லை, நீட்டிய கை தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி.

தீ மூட்டினார்கள், பத்தடிக்கு அப்பால் வெளிச்சம் போகவில்லை. முரசு அடித்தார்கள், பனியில் அந்தச் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோல் கேட்டது. யாஹெய் சிறு படகில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தான். தன் துடுப்பே தெரியாமல், கல்லில் மோதித் திரும்பி வந்தான்.

"நான் போகிறேன். என் குரல் தெரியாத மாலுமி யார்?" என்றாள் ஷிரா.

அவள் தண்ணீரை ஒட்டிப் பறந்து கால்வாயின் வாயை அடைந்தாள். அதற்கு அப்பால் கப்பல்களின் மரச் சட்டங்கள் முனகுவது கேட்டது. ஷிரா பாடினாள். வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. கடைசி மூன்று நடுக்கமும் பனிக்குள் கரைந்து நின்றன.

கப்பலில் ஒரு மாலுமி துடுப்பைக் கீழே போட்டுவிட்டான். "தலைவரே! கேட்டீர்களா? பேய்! கடலில் செத்தவர்கள் பாடுகிறார்கள்!"

"காதைப் பொத்திக்கொள்ளுங்கள்!" என்று கன்சோ கத்தினார். ஜப்பான் மாலுமிகள் எதற்கும் அஞ்சாதவர்கள். மூடுபனியில் கேட்கும் குரலுக்கு மட்டும் அஞ்சுவார்கள். கடலில் மூழ்கிச் செத்தவர்கள் பனிக்குள் பாடி, பேசி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கப்பலைப் பாறைக்கு இழுப்பார்கள் என்று அவர்கள் நம்பினார்கள்.

ஷிரா கப்பலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். "கன்சோ தலைவரே, நான்தான்! முய்காஹாமா ஷிரா! கால்வாய் இதோ பக்கத்தில்..."

வெள்ளையாக ஏதோ ஒன்று பனியிலிருந்து வந்து தலைவரின் பெயரைச் சொன்னதும் ஆட்கள் அலறிவிட்டார்கள். ஒருவன் அகப்பையை எடுத்து வீசினான். அது ஷிராவின் சிறகில் பட்டது. அவள் தடுமாறி எழும்பிப் பாய்மரத்தின் உச்சிக்குப் போனாள்.

அப்போது வெகு தொலைவில், கரையிலிருந்து, மெல்லிய ஓர் ஒலி வந்தது. மிக்கே. பசியில் அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

கன்சோ தலையை நிமிர்த்தினார். "சும்மா இருங்கள்! அது பூனை."

"பூனையா?"

"பூனைதான். பேய் எந்தக் குரலில் வேண்டுமானாலும் பேசும், பூனையைப்போல் மட்டும் கத்தாது. பூனை தண்ணீரில் கால் வைக்காது. பூனை இருக்கும் இடத்தில் அடுப்பு இருக்கிறது, மனிதர் இருக்கிறார்கள்." அவர் அந்தத் திசையில் கையை நீட்டினார். "அங்கேதான் கரை. திருப்புங்கள்!"

ஷிராவுக்குத் தெரியும், அந்தத் திசையில் நேராகப் போனால் மணல்திட்டு. நல்லவேளையாக மிக்கே கத்துவதை நிறுத்தினாள்; கன்சோவும் கையை இறக்கினார்.

"நங்கூரம் போடுங்கள். நண்பகல் வரை பார்ப்போம். பூனை மறுபடியும் கத்தினால் போவோம். இல்லாவிட்டால் தெற்கே திரும்பிவிடலாம். பேய் பாடும் இடத்தில் இரவு தங்க என்னால் முடியாது."

ஷிரா ஒரே மூச்சில் கரைக்குப் பறந்தாள்.

மிக்கே இடிந்த உப்புக் கிடங்கின் வாசலில் மூன்று குட்டிகளோடு படுத்திருந்தாள். இசோவும் யாஹெய்யும் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள். சந்தை நாள் என்பதால், ஒருவரும் வராவிட்டாலும், இசோ தன் கோரைப்பாயை விரித்து வைத்திருந்தாள்.

"மிக்கே, நீ இனி ஒரு சத்தமும் போடாதே!" என்று வந்ததும் வராததுமாக ஷிரா சொன்னாள்.

"பசிக்கிறது, கத்துகிறேன். உனக்கென்ன?"

ஷிரா நடந்ததை எல்லாம் சொன்னாள். மாலுமிகள் பாட்டை நம்ப மாட்டார்கள், பேச்சை நம்ப மாட்டார்கள். பூனையின் குரலை நம்புவார்கள். ஆனால் பூனை கரையிலிருந்து கத்தினால் கப்பல் மணலில் ஏறும். கால்வாயின் வாயில் கத்த வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் கத்த வேண்டும்.

"மிக்கேயைப் படகில் ஏற்றிப் போகலாமா?" என்று யாஹெய் கேட்டான்.

"என்னையா? தண்ணீரிலா?" மிக்கேயின் வால் பனை மட்டைபோல் விறைத்தது.

"படகு இந்தப் பனியில் முதல் திருப்பத்தைக்கூடத் தாண்டாது, அண்ணா. நீங்கள்தான் பார்த்தீர்களே," என்றாள் இசோ.

ஷிரா கோரைப்பாயின் ஓரத்தில் வந்து நின்றாள். "எனக்கு வழி தெரியும். குரல்தான் இல்லை. மிக்கே, உன் குரலை எனக்குக் கொடு. என் பாட்டை உனக்குத் தருகிறேன்."

மிக்கே குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உன் பாட்டை என் குட்டிகள் தின்னுமா?" என்று மிக்கே கேட்டாள். "என் குரல் போனால் குட்டிகளை நான் எப்படிக் கூப்பிடுவேன்? வீட்டுக்காரர்கள் விட்டுப் போனார்கள். எலிகளும் போய்விட்டன. மிஞ்சி இருப்பது இந்தக் குரல் ஒன்றுதான்."

"ஊரே போனால் நீ யாரிடம் போய்க் கத்துவாய்? அரிசி வந்தால் எலி வரும். படகுகள் வந்தால் மீன் வரும். இன்று நண்பகலோடு இந்தக் கரையில் அடுப்பு எரிவது நின்றுவிட்டால், உன் குட்டிகளுக்குக் குடலை எறிய ஓர் ஆள் இருக்காது."

மிக்கே குட்டிகளைப் பார்த்தாள். நடுக்குட்டி எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் கிடந்தது.

"பாதி தருகிறேன்," என்றாள் மிக்கே கடைசியில். "முழுதும் முடியாது. பாட்டு எனக்கு வேண்டாம். அதற்குப் பதில், இந்தத் துறையில் முதலில் வெட்டும் மீனின் குடல் பூனைக்கு. கடற்காகம் அதில் அலகு வைக்கக் கூடாது. மனிதரும் எங்களை விரட்டக் கூடாது."

"சரி," என்றாள் ஷிரா.

"சரி," என்றாள் இசோ. பிறகு ஷிராவிடம் குனிந்தாள். "ஒரு தொண்டையில் இரண்டு குரல் நிற்காது. பூனைக் குரல் உள்ளே போக வேண்டுமானால் உன் பாட்டை வெளியே வைக்க வேண்டும். கோரைப்பாயில் வைத்தால் திரும்பக் கிடையாது. எனக்கே கிடையாது என்று நான்தான் சொன்னேன். யோசித்துக்கொள், ஷிரா. உன் கூட்டம் உன்னைக் குரலால்தான் அடையாளம் காணும்."

"தெரியும்," என்றாள் ஷிரா. "யோசிக்க நண்பகல் வரைதான் நேரம் இருக்கிறது. அதற்குள் ஏழு கப்பலைக் கொண்டுவர வேண்டும்."

அவள் ஒரு முறை பாடினாள். படகுத்துறையில் நின்றிருந்தவர்கள் காரணம் தெரியாமலே திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் அது அவள் அலகிலிருந்து, குளிர்காலத்து மூச்சைப்போல் வெண்மையாக, ஆனால் கனமாக, கோரைப்பாயில் இறங்கியது. மிக்கே வாயைத் திறந்தாள். அவள் குரல் நூல்கண்டுபோல் உருண்டு வந்தது. உப்புக் கட்டியைச் சரிபாதியாகப் பிளந்து பழகிய கை இசோவுடையது. மீன் வெட்டும் கத்தியால் அந்தக் கண்டைப் பாதியாக அறுத்தாள். ஒரு பாதியை மிக்கே விழுங்கினாள். மறுபாதியை ஷிரா விழுங்கினாள்.

அந்த நேரம் பார்த்து, கிடங்கின் இடிந்த கூரையில் உட்கார்ந்திருந்த ஒரு பருந்து சடாரென்று இறங்கியது. அதற்கு அதுவரை சொந்தமாக ஒரு குரலும் கிடையாது. கோரைப்பாயில் ஆளில்லாமல் கிடந்த பாட்டைக் கொத்திக்கொண்டு பனிக்குள் போயிற்று. யாஹெய் துரத்த ஓடினான்.

"விடுங்கள் அண்ணா. அதற்குள் போய்விட்டது," என்றாள் இசோ.

ஷிரா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "மியாஆவ்" என்று வந்தது. கேட்டு அவளே திடுக்கிட்டாள். பிறகு சிறகை விரித்துக் கடல் பக்கம் போய்விட்டாள்.

கன்சோ வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பனிக்குள் சூரியன் ஒரு மங்கிய வட்டமாகத் தலைக்கு மேலே ஏறியிருந்தது. நங்கூரத்தை எடுக்கச் சொல்ல அவர் திரும்பியபோது, இடது பக்கத்திலிருந்து, மிக அருகில், ஒரு பூனை கத்தியது.

"தலைவரே, முன்பு கேட்டது அந்தப் பக்கம். இது வேறு பக்கமாக இருக்கிறதே!"

"பக்கத்தில் கேட்பதைத்தான் நம்ப வேண்டும். மெதுவாகத் திருப்பு," என்றார் கன்சோ.

கப்பல் திரும்பியது. இரு பக்கமும் தேவதாரு மரத் தூண்கள் பனியிலிருந்து ஒவ்வொன்றாக முளைத்தன. பூனை முன்னால் கத்தியது; கப்பல் முன்னால் போயிற்று. வலது பக்கம் கத்தியது. வலது பக்கம் திருப்பினார்கள். அடிமரத்தில் மணல் உரசும் சத்தம் ஒருமுறை கேட்டபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உடனே பூனை இடது பக்கம் போய்க் கோபமாகக் கத்தியது. கன்சோ சுக்கானைத் தன் உடம்பாலேயே தள்ளினார். உரசல் நின்றது. பின்னால் வந்த கப்பல் முன்னால் போன கப்பலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. மூன்றாவது திருப்பம் கடந்ததும் தண்ணீர் அமைதியாயிற்று. எதிரே முகங்கள் தெரிந்தன.

படகுத்துறையில் எழுந்த கூச்சல் மலைவரை கேட்டது. இசோ மட்டும் கூச்சல் போடவில்லை. கயிற்றை எட்டிப் பிடித்து, தோளில் போட்டு இழுத்து, முதல் கப்பலைத் தன் கையால் தூணில் கட்டினாள்.

கன்சோ இறங்கினார். "எங்கே அந்தப் பூனை? தண்ணீரில் நடக்கிற பூனையை நான் இப்போதே பார்க்க வேண்டும்."

இசோ தூணின் உச்சியைக் காட்டினாள். ஷிரா அங்கே உட்கார்ந்திருந்தாள். மார்பு வேகவேகமாக ஏறி இறங்கியது. ஒரு சிறகு சற்றுத் தொங்கியிருந்தது. "மியாவ்," என்றாள்.

கன்சோ அந்தச் சிறகைப் பார்த்தார். வீசிய அகப்பை அவருக்கு நினைவு வந்தது. எல்லோர் முன்னாலும் அந்தப் பறவைக்குத் தலை தாழ்த்தி வணங்கினார்.

அந்தக் குளிர்காலத்தில் முய்காஹாமாவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஷிராவுக்கு மட்டும் அது கடினமான குளிர்காலம். அவள் குரலைக் கேட்டு அவள் கூட்டம் சிதறி ஓடியது. துணைப்பறவை அவளைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, அலகால் கொத்தித் துரத்தியது. மலைக்கு மேலே பருந்து அவளுடைய பாட்டைப் பாடிக்கொண்டு வட்டமிடுவதைக் கேட்கும்போதெல்லாம் அவள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொள்வாள். ஆனால் மூடுபனி இறங்கிய ஒவ்வொரு காலையிலும் கால்வாயின் வாய்க்குப் போனாள். ஒருநாள்கூடத் தவறவில்லை.

மாலுமிகள் மறக்கவில்லை. கால்வாயைக் கடந்ததும் பூனைக் குரல் வந்த பக்கம் நல்ல மீனாகப் பார்த்து எறிந்தார்கள். வசந்தத்தில் புதிதாக ஒரு துணைப்பறவை வந்தது. இளையது, பசித்தது, பழைய பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதது. ஷிராவின் முட்டைகள் பொரிந்தபோது குஞ்சுகள் அம்மாவின் குரலிலேயே கத்தின. மீன் யாருக்கு விழுகிறது என்று மற்றக் கடற்காகங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. இரண்டு வருடம் கழித்து அந்த வளைகுடாவில் குழல்போல் பாடிய கடற்காகம் ஒன்றுகூட இல்லை. கொத்தித் துரத்திய பழைய துணையும் ஒரு மழைநாளில் கூச்சத்தோடு "மியாவ்" என்று கத்திப் பழகியதை யாஹெய் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வான்.

கப்பல்கள் எழுபதாயின, எழுநூறாயின. கால்வாயை அகலமாக்கினார்கள், அலை தடுக்கக் கல்லணை கட்டினார்கள், கலங்கரை விளக்கம் வைத்தார்கள். இன்று அங்கே வீட்டு உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கிய இரும்புக் கப்பல்கள் வருகின்றன, பளுதூக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் மாதத்தில் மூன்று நாள், ஆறிலும் பதினாறிலும் இருபத்தாறிலும், துறைக்குப் பின்னால் உள்ள தெருவில் சந்தை கூடுகிறது. மீன் வெட்டுபவர் முதல் மீனின் குடலைப் பூனைகளுக்கு எறிந்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறார்.

அந்தப் பத்தாம் மாதக் காலையிலிருந்துதான் ஜப்பான் கடற்கரையில் கடற்காகம் பூனையைப்போல் கத்துகிறது. அந்த நாட்டு மக்கள் அதைக் கடற்பூனை என்றே கூப்பிடுகிறார்கள். கூரிய நகமுள்ள பருந்து அவ்வளவு இனிமையாகக் குழல் ஊதுவதும் அன்று தொடங்கியதுதான். சில சமயம் பூனை நம் முகத்தைப் பார்த்து வாயை நன்றாகத் திறக்கும், சத்தமே வராது. கவனித்திருப்பீர்கள். பூனையிடம் மிஞ்சிய அந்தப் பாதிக் குரலும் அப்போது வீட்டில் இல்லை. எங்கோ ஒரு துறைமுகத்தில் பனி இறங்கியிருக்கிறது, அது கப்பலுக்கு வழி சொல்லப் போயிருக்கிறது.